ஷட்டர் இறக்குதல்

மூணாறு தலைப்பில் நான் லஸ்கர்.
வெண்ணாறு வந்து மூன்றாய்ப் பிரிகிற இடம்.
பதினோரு வருஷம் திருகு சுற்றிச் சுற்றி
வலது தோள் இடதைவிடப் பெருத்துவிட்டது.

கழுத்தில் கட்டி வந்தது சித்திரையில்,
ஆற்றில் மணல் மட்டும் ஓடும் மாதம்.
முதலில் சுண்டைக்காய், பிறகு நெல்லிக்காய்.
ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடியில் தேய்த்து
நீலத்தில் சிவப்புத் துரும்புகளைக் கண்டார்கள்
திருவாரூர் ஆஸ்பத்திரியில்.
காசம் நெஞ்சில்தானே வரும் என்றேன்.
டாக்டர் ரஹ்மத்துன்னிசா கூத்தாநல்லூர்க்காரர்.
என் வேலையைக் கேட்டதும்
பேனாவை மூடி வைத்தார்:
"உங்க கழுத்துலயும் ஒரு தலைப்பு இருக்கு."

கிருமியை விழுங்கிய செல்லே
கிருமிக்குக் குடியிருப்பு ஆகிவிடுமாம்.
விழுங்கினது வேறு, செரித்தது வேறு.
இன்னொரு செல், கிருமியின் துணுக்கொன்றை ஏந்தி
நிணநீர்க் கணுவுக்கு வரும்.
அங்கே டி செல்கள், லட்சக்கணக்கில்,
ஒவ்வொன்றும் ஒரே ஒரு முகம் மட்டும் அறிந்தவை.
தன் முகம் வந்தாலும் உடனே கிளம்பாது.
ஆபத்து என்று இன்னொரு கை
தொட்டுச் சொல்ல வேண்டும்.
தொடாவிட்டால்
மரத்துப்போய் உட்கார்ந்துவிடும்.

இது எனக்குப் பழகிய சங்கதி.
வயர்லெஸ்ஸில் 'தூக்கு' என்று குரல் வந்தால் போதாது,
பதிவேட்டில் ஏ.ஈ. கையெழுத்து விழணும்.
குரலை மட்டும் நம்பித் தூக்கிய பக்கிரிசாமி
ஏழு மாதம் சஸ்பெண்டில் இருந்தான்.

மாத்திரை விழுங்கினேன், உடம்பு தேறியது.
மேட்டூர்த் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து சேர்ந்தது.
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
கட்டி எலுமிச்சை அளவு.
காய்ச்சல்.
தோல் சிவந்து பளபளத்து
ஒரு விடியலில் உடைந்து காலரை நனைத்தது.
குணவதி மாத்திரைப் பட்டையை
டாக்டர் மேசையில் போட்டாள்: "இது மருந்தா?"

சீழில் துரும்புகள் இருந்தன.
ஆறு வாரம் விதைத்து வைத்தும்
ஒன்றுகூட முளைக்கவில்லை,
அவித்த நெல் மாதிரி.
"கிருமி செத்தாச்சு."
"அப்ப காய்ச்சல்?"
"காய்ச்சல் உங்களுது."

செத்த கிருமி சிதறித் துணுக்குகள் வழிய,
சோர்ந்து கிடந்த டி செல்கள்
மொத்தமாக எழுந்துவிட்டன.
'போதும்' என்று சொல்வதற்கென்றே
அதே சாதியில் சில செல்கள் உண்டாம்.
என்னிடம் அவை வர நேரமாகிவிட்டது.

அந்த ஐப்பசி இரவு ஞாபகம் வந்தது.
வந்த வெள்ளத்தைக் குற்றம் சொல்ல முடியாது.
மூன்றாய்ப் பிரித்திருந்தால் மூன்றும் தாங்கியிருக்கும்.
நான் பயத்தில்
பாமணியின் எல்லாக் கதவையும் தூக்கினேன்.
இரண்டு கல் தள்ளிக் கரை போனது.
நாற்பது ஏக்கர் நடவு.
'பெருவெள்ளத்தால் உடைப்பு' என்று எழுதினேன்.
இதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்.
எட்டு மாத்திரை, அடுத்த வாரம் ஆறு, பிறகு நாலு.
காச மாத்திரையும் கூடவே, ஒரு நாள் விடாமல்:
அடியோடு அடக்கினால்
ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு தலை தூக்கும்.
"சட்டுனு நிறுத்திடாதீங்க."
எனக்கா சொல்லணும்?
கதவைத் தடாலென்று இறக்கினவன்
மறுநாள் தளம் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தழும்புதான், ஒரு புளியங்கொட்டை அகலம்.
வேலை முடிந்த செல்களில் பெரும்பாலானவை
தாமே செத்துப்போகுமாம்.
சில மட்டும் அந்த முகத்தை வைத்துக்கொண்டு
எங்கேயோ உட்கார்ந்திருக்கும்.
அவற்றுக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்டேன்,
டாக்டர் சிரித்துவிட்டார்.

காலை ஆறு மணி.
ராத்திரி மழையில் கேஜ் ஒரு சாண் ஏறியிருக்கிறது.
கையெழுத்து வந்துவிட்டது.
பாமணியில் இரண்டு திருகு இறக்குகிறேன்,
கோரையாற்றில் ஒன்று ஏற்றுகிறேன்.
தண்ணீர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.
தழும்பில் வியர்வை கரிக்கிறது.